ஒரே தட்டில் வைக்க முடியாது

நடுவர் அவர்களே, வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊரை இழந்த ஜெர்மானியரின் நினைவும், நாஜிக்களின் படுகொலைக்கு ஆளான யூதரின் நினைவும் ஒன்றே என்று பேசிய எதிரணி நண்பர், ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்று சொல்லி அவையைக் கலங்க வைத்துவிட்டார். இன்று பெரும்பாலும் போலந்து, ரஷ்யா, செக் நாடுகளில் இருக்கும் சைலீசியா, கிழக்குப் பிரஷ்யா, சுடேட்டன்லாந்து முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஜெர்மானியர் ஓடி வந்தார்கள், அல்லது விரட்டப்பட்டார்கள். கையில் மூட்டையோடு வாசல்படி இறங்கியவர்களின் அழுகையை நான் பொய் என்று சொல்லவில்லை.

ஆனால் அவர்கள் எழுதிய சாசனத்தைப் படித்தீர்களா? 1950 ஆகஸ்ட் 5 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் கையெழுத்தானது. பழிவாங்க மாட்டோம் என்கிறார்கள், நல்லது. கூடவே, இந்தக் காலத்தின் துயரம் மிகக் கடுமையாகத் தாக்கியது தங்களைத்தான் என்கிறார்கள்! யூதர் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. அன்றைக்கு முனிச்சுக்குத் தெற்கே ஃபோரென்வால்ட் முகாமில் யூத அகதிகள் இருந்தார்கள். அந்த முகாம் மூடப்பட்டதே 1957இல்தான்.

இரு சாராரும் ஊர் நினைவுப் புத்தகம் போட்டார்களே என்றார் நண்பர். உண்மை. நினைவிலிருந்தே கையால் வரைந்த ஊர்ப்படத்தை இரண்டிலும் பார்க்கலாம்: சந்தை, ஆறு, யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு. அந்தப் படம் வரைக்கும் நானும் அவரோடு வருகிறேன். ஆனால் ‘இஸ்கோர்’ எனப்படும் யூதர்களின் நினைவுப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். கொல்லப்பட்டோர் பெயர்கள், குடும்பம் குடும்பமாக. சில வரிகளில் அப்பாவின் பெயருக்குப் பிறகு ‘மனைவியும் பிள்ளைகளும்’ என்று மட்டும் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. ஜெர்மானியர் புத்தகத்திலும் போரில் மாண்டவர் பட்டியல் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஆண்டுதோறும் கூடி அழ அவர்களுக்கு ஊர்க்காரர்கள் இருந்தார்கள். இறந்தவருக்காகக் கதிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல யூதருக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேர் மிஞ்சாத ஊர்கள் எத்தனை!

சட்டத்துக்கு வருகிறேன். மேற்கு ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டம், பிரிவு 116. முதல் உட்பிரிவு, விரட்டப்பட்டு வந்து சேர்ந்த ஜெர்மானிய இனத்தவரை ஜெர்மானியர் என்றே ஏற்கிறது. இரண்டாம் உட்பிரிவு, நாஜிக்கள் குடியுரிமையைப் பறித்தவர்களைப் பற்றியது. பெர்லினில் பிறந்து, உயிர் தப்பி நியூயார்க்கிலேயே தங்கிவிட்ட யூதருக்கு அது திரும்பக் கிடைக்கும், விண்ணப்பித்தால்!

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. எதிரணியின் அடுத்த பேச்சாளர் வேறெதற்கும் பதில் சொல்ல வேண்டாம், அந்த ‘விண்ணப்பித்தால்’ என்ற சொல்லுக்கு மட்டும் சொல்லட்டும்.