தீர்ப்பு வந்துவிட்டது, விசா வரவில்லை

வணக்கம் நேயர்களே. குடிவரவு வழக்குகளைப் பற்றி வானொலியில் கதைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் எப்படி வெல்வது என்றுதான் சொல்வார்கள். நான் வென்ற பிறகு நடப்பதைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். வென்றவருக்கு என்ன ஆலோசனை தேவை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். லண்டனில் எங்கள் ஆட்களின் பேப்பர்களோடு காலம் போக்கியவன் நான். தோற்றவர் அடுத்த நாளே வந்து நிற்பார். வென்றவர்தான் போனையே எடுக்கமாட்டார்.

நான் சொல்வது, ஹோம் ஒபிஸ், அதாவது பிரித்தானிய உள்துறை அமைச்சு, விசா மறுத்ததை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் போடும் மனித உரிமை அப்பீலைப் பற்றி. குடும்பம், பிள்ளைகள், இங்கே அமைந்துவிட்ட வாழ்க்கை என்று ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆம் பிரிவைக் காட்டி வெல்லும் வழக்கு. அகதி வழக்கில் வென்றவர்களுடைய கதை வேறு. அவர்கள் தங்கள் சொலிசிட்டரைக் கேட்காமல் இலங்கைப் பாஸ்போர்ட் பக்கமே போகக்கூடாது. அதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

சரி, முதல் விஷயம். நீதிபதி விசா தருவதில்லை. திரும்பவும் சொல்கிறேன், நீதிபதி விசா தருவதில்லை. அப்பீலை அனுமதிக்கிறேன் என்று எழுதுவார், அதோடு அவருடைய வேலை முடிந்தது. விசாவைத் தரவேண்டியது ஹோம் ஒபிஸ். அந்தத் தீர்ப்பைக் காரணங்களோடு அனுப்பிய நாளிலிருந்து 14 நாளுக்குள், மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்க ஹோம் ஒபிஸுக்கு உரிமை உண்டு. தீர்ப்பு பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதாது, சட்டப் பிழை இருக்கிறது என்று காட்டவேண்டும். உங்கள் வழக்கைக் கேட்ட முதல் தீர்ப்பாயம் அந்த அனுமதியை மறுத்தால் மேல் தீர்ப்பாயத்திடமே நேரடியாகக் கேட்க இன்னொரு 14 நாள். இதெல்லாம் முடியும்வரை உங்கள் அப்பீல் சட்டப்படி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு குடும்பம். வழக்கு வென்ற செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை வீடு நிறைய ஆட்கள், ஆட்டிறைச்சிக் கறி, கேக், எல்லாம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அண்ணர் சொல்கிறார், யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குச் சுகமில்லை, பன்னிரண்டு வருடமாகப் பார்க்கவில்லை, வருகிற கிழமை வெளிக்கிடுகிறேன் என்று. பாஸ்போர்ட் ஹோம் ஒபிஸிடம்தானே என்று கேட்டேன். தூதரகத்தில் வேறு எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார். டிக்கெட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பீல் நிலுவையில் இருக்கும்போது நீங்கள் நாட்டை விட்டு வெளியேறினால், அப்பீலை நீங்களே கைவிட்டதாக 2002ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வென்ற வழக்கு இல்லாமல் போய்விடும். ஹோம் ஒபிஸ் அனுமதி எதுவும் கேட்காமல் அந்த 14 நாள் காலக்கெடு முடிந்த பிறகு போனால் அப்படி ஆகாது, ஆனால் கையில் விசா இல்லாமல் எதைக் காட்டித் திரும்பி வருவது? அன்றிரவு அவருடைய மனுசிதான் அவரை மறித்தார், நான் இல்லை. அக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பெல் அடித்தார். விசா வந்தபிறகு அண்ணர் போனார், அம்மாவைப் பார்த்தார். ஆகவே தீர்ப்பைக் காட்டிப் பயணம் போகாதீர்கள். விசா வந்தபிறகு போங்கள்.

அதேமாதிரிதான் கையெழுத்து வைக்கப் போவதும். ஹோம் ஒபிஸ் சொன்ன நாட்களில் அவர்களுடைய குரொய்டன் லூனார் ஹவுஸ் கட்டடத்துக்கோ வேறெங்கோ போய்க் கையெழுத்து வைக்கிறவர்கள், வென்றாயிற்றே என்று நிற்பாட்டிவிடக்கூடாது. இனி வரத் தேவையில்லை என்று எழுத்தில் வரும்வரை போகவேண்டும். வீடு மாறினால் அறிவிக்கவேண்டும். சொலிசிட்டரை மாற்றினால் அதையும் அறிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கடிதம் பழைய சொலிசிட்டரின் மேசையில் கிடக்கும். கைரேகைக்குத் திரும்பவும் கூப்பிட்டால், ஏற்கெனவே தந்தேனே என்று சண்டை பிடிக்காமல் போய்க் கொடுங்கள்.

விசா எவ்வளவு நாளில் வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். சிலருக்குக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள். இழுபட்டால் முதலில் சொலிசிட்டர் மூலம் கடிதம், பிறகு உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர். எங்கள் ஆட்கள் எம்பியிடம் போகக் கூச்சப்படுகிறார்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் நீங்கள் வசித்தால் போகலாம். அதுக்கும் அசையாவிட்டால், வழக்குப் போடப்போகிறோம் என்ற முன்னறிவித்தல் கடிதம். பல இடங்களில் அந்தக் கடிதத்தோடேயே வேலை நடந்துவிடும்.

இன்னொன்று, தீர்ப்பை எல்லாப் பக்கங்களோடும் பத்திரமாக வையுங்கள். அப்பீல் கட்டணமாக 140 பவுண் கட்டி வழக்காடியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நீதிபதி எழுதியிருக்கிறாரா என்று கடைசிப் பக்கத்தில் பாருங்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2002இல் ஓர் இலங்கைத் தமிழருடைய வழக்கில், தேவசீலன் வழக்கு என்பார்கள், ஒரு விதி உருவானது. பிறகு எப்போதாவது இன்னொரு அப்பீல் வந்தால், முதல் நீதிபதி கண்டறிந்த உண்மைகளில் இருந்துதான் அடுத்த நீதிபதி தொடங்கவேண்டும். பாகிஸ்தான்காரர் வழக்கோ நைஜீரியாக்காரர் வழக்கோ, இந்த நாட்டில் எல்லா நீதிபதிகளும் எங்கள் ஆள் ஒருவருடைய பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. உங்கள் தீர்ப்பில் இவர் உண்மை பேசுகிறார் என்று இருந்தால், அந்த வசனம் பல வருடம் கழித்தும் உங்களுக்கு உதவும்.

கையில் காசில்லாதவர்கள் கவனியுங்கள். இந்த விசா அரச உதவிப்பணம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வருவதுதான் வழக்கம். வருமானம் இல்லை, பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள் என்றால், விசா தருவதற்கு முன்பே ஆதாரங்களை அனுப்புங்கள். நிபந்தனை வந்துவிட்டாலும் நீக்கச் சொல்லிக் கேட்கலாம், அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.

இப்போது விசா காட் கிடையாது, எல்லாம் ஈவிசா, அதாவது இணையக் கணக்கில் இருக்கும் விசா. கணக்குத் திறக்கும்போது உங்கள் சொந்த ஈமெயில், சொந்தப் போன் நம்பர் கொடுங்கள். மருமகனுடையது வேண்டாம். அப்புறம் பெயரைப் பாருங்கள். அப்பாவின் பெயர் முன்னுக்கா பின்னுக்கா, எழுத்து விடுபட்டதா என்று. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் ஷெயார் கோட், அதாவது உங்கள் விசாவை இணையத்தில் மற்றவர் பார்க்க நீங்கள் கொடுக்கும் குறியீடு, கேட்பார்கள், அதில் பெயர் பிழைத்தால் அலைச்சல்தான்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். நீடிப்பைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த விசா பெரும்பாலும் இரண்டரை வருடம். முடிகிற திகதியைக் கலண்டரில் குறியுங்கள், அதற்கு முன் விண்ணப்பிக்கவேண்டும், ஒருநாள் பிந்தினாலும் பிரச்சினை. விண்ணப்பக் கட்டணம் தவிர, சுகாதாரக் கட்டணம் மட்டும் 2024 பெப்ரவரியில் இருந்து வளர்ந்தவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண். கட்ட முடியாதவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம், அதையும் விசா முடிய முன் கேட்கவேண்டும். பில், பள்ளிக்கூடக் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இப்போதிருந்தே சேருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், காசு கொடுக்குமுன் ஆலோசகர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.