கித்தாவும் காமியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மெல்பர்னில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இந்தோனேசிய மொழி கற்பிக்கிறேன். 2001-இல் இந்த வேலைக்கு வந்தேன். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது என்ன வேலை என்று விசாரித்து, நான் பதில் சொன்னதும், அடுத்து வருவது அநேகமாக இந்தக் கேள்விதான்: "இந்தோனேசிய மொழியா? இங்கே பிள்ளைகள் அதை ஏன் படிக்கிறார்கள்?"

பக்கத்து வீட்டு மொழி என்பதால்தான். டார்வினில் இருப்பவருக்கு மெல்பர்னைவிடப் பாலித் தீவு கிட்டே. 1950களில் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இந்த மொழியைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். அப்புறம் பள்ளிகளுக்கு வந்தது. 1990களில் சீனம், ஜப்பானியம், கொரியம், இந்தோனேசியம் என்று நான்கு ஆசிய மொழிகளைப் பள்ளிகளில் வளர்க்க மத்திய அரசு தனியாகவே பணம் ஒதுக்கியது. 2002-இல் அந்தத் திட்டம் நின்றது. அதற்குப் பிறகு நடந்ததை நேரம் இருந்தால் கடைசியில் சொல்கிறேன்.

இன்று நான் பேச வந்தது வேறு ஒரு விஷயம். இந்தோனேசிய மொழி சுலபமான மொழி என்று சொல்லிப் பிள்ளைகளை வகுப்பில் சேர்ப்பதை நாம் நிறுத்த வேண்டும். ஆசிரியர்களான எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "நாம்", "எங்கள்" என்று இரண்டு விதமாகச் சொன்னேன், கவனித்தீர்களா? அதற்குத்தான் வரப்போகிறேன்.

முதலில் இந்தச் சுலபம் என்ற பேச்சு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்துக்கு உள்ள அதே எழுத்துகள். எழுதியபடியே வாசிக்கலாம். ஆண்பால் பெண்பால் கிடையாது, அவனும் அவளும் ஒரே சொல்தான், 'டியா'. வினைச்சொல் காலம் காட்டி மாறாது. நேற்று சாப்பிடு, நாளை சாப்பிடு என்கிற மாதிரி, நேற்று நாளை என்ற சொல்லே காலத்தைக் காட்டிவிடும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழிப் பயிற்சி தரும்போது ஜப்பானிய மொழிக்கு 88 வாரம் ஒதுக்குகிறது, இந்தோனேசிய மொழிக்கு 36. ஆகவே ஏழாம் வகுப்பில் சேரும் பிள்ளையிடம் "கவலைப்படாதே, இது லேசு" என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பிள்ளையும் சந்தோஷமாக வருகிறது. என் பெயர் இது, எனக்கு ஒரு நாய் இருக்கிறது, சிவப்பு, நீலம், மஞ்சள். தொடக்கப் பள்ளியிலும் இதையே படித்துவிட்டு வந்த பிள்ளை மறுபடியும் சிவப்பு, நீலம், மஞ்சள் படிக்கிறது. அடுத்த வருஷம் ஆசிரியர் மாறினால் திரும்பவும் சிவப்பு, நீலம், மஞ்சள்.

ஒன்பதாம் வகுப்பில்தான் மொழி தன் முகத்தைக் காட்டும். 'தூலிஸ்' என்றால் எழுது. ஆனால் வாக்கியத்தில் வரும்போது அது 'மெனூலிஸ்' ஆகிவிடும். முன்னால் 'மெ' சேர்ந்தது, சரி. தகரம் எங்கே போனது? 'பூக்குல்', அடி. அது 'மெமூக்குல்' ஆகும், பகரம் போய்விட்டது. 'சாப்பு', பெருக்கு. அது 'மெஞாப்பு'. ஆனால் 'பாச்சா', வாசி, அது மட்டும் தன் முதல் எழுத்தை விடாமல் 'மெம்பாச்சா' என்று நிற்கும். பையன் அகராதியில் 'மெனூலிஸ்' என்று தேடுகிறான், கிடைக்கவில்லை. கிடைக்காது, அது தகரத்துக்குக் கீழே இருக்கிறது. தமிழ் கேட்கிற உங்களுக்கு இது புதிதில்லை. 'கேட்டான்' என்ற சொல்லை எந்தத் தமிழ் அகராதியில் தேடிக் கண்டுபிடிப்பீர்கள்? 'கேள்' என்று பார்த்தால்தான் உண்டு. அதே சங்கதிதான்.

ஆனால் "இது லேசு" என்று கேட்டு வந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் என்ன தோன்றும்? லேசான பாடமே எனக்கு வரவில்லை, அப்போது எனக்கு மொழி என்பதே வராது என்று தோன்றும். இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. கஷ்டமான இடத்தைக் கஷ்டம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை மல்லுக்கட்டியிருக்கும். இப்போது நான் ஏழாம் வகுப்பு முதல் மாதத்திலேயே வேர்ச்சொல் வேட்டை வைத்துவிடுகிறேன். நீளமான சொல் ஒன்றைப் பலகையில் எழுதுவேன். முன்னால் ஒட்டியதையும் பின்னால் ஒட்டியதையும் உரித்து உள்ளே இருக்கும் சொல்லைப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் பலாப்பழத்தில் சுளை எடுக்கிற மாதிரி இறங்குவார்கள்.

இப்போது கித்தாவுக்கும் காமிக்கும் வருகிறேன். என் மனசுக்கு மிகவும் நெருக்கமான இடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒரே சொல். இந்தோனேசிய மொழியில் இரண்டு. 'கித்தா' என்றால் கேட்கிற உங்களையும் சேர்த்து, நாம். 'காமி' என்றால் உங்களை விட்டுவிட்டு, நாங்கள். இதைப் பாடப்புத்தகம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் கடந்து போனேன்.

ஒரு வருஷம் ஜாவாவிலிருந்து ஒரு பள்ளியின் மாணவர்கள் எங்களிடம் வந்து ஒரு வாரம் தங்கினார்கள். வரவேற்புக் கூட்டத்தில் பேச எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தயார் செய்திருந்தோம். நல்ல பையன், உச்சரிப்பு சுத்தம், தாளைப் பார்க்காமல் பேசினான். மறுநாள் திட்டத்தைச் சொல்லும்போது, "நாளை நாங்கள் கடற்கரைக்குப் போகிறோம்" என்றான். 'காமி' என்றான். விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசையில் தலையில் வெள்ளை முக்காடு போட்டிருந்த ஒரு சின்னப் பெண் மெதுவாகக் கையைத் தூக்கி, "காமி தீடா ஈக்குட்?" என்று கேட்டாள். நாங்கள் கூட வரவில்லையா? அவ்வளவுதான் கேட்டாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஒரு பேருந்து முழுக்க அவர்களுக்காகவே பிடித்து வைத்திருந்தோம்.

பையனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது புரிந்த கணத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இரண்டு கையையும் அகல விரித்து, அந்த முன் வரிசை முழுவதையும் அணைத்துக்கொள்வது போல வளைத்து, "கித்தா! கித்தா!" என்று சத்தமாகச் சொன்னான். அந்தப் பெண் கையை இறக்கினாள். மண்டபம் முழுக்கக் கைதட்டல்.

அன்றிலிருந்து என் வகுப்பில் இந்தச் சொற்களைக் கையோடுதான் சொல்ல வேண்டும். கித்தா என்றால் கை விரிய வேண்டும். காமி என்றால் உள்ளங்கை நெஞ்சில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட வாய்மொழித் தேர்வு வரைக்கும், மேசைக்கு அடியிலாவது, விரலை அசைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வருஷம் என் வகுப்பில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருந்தாள். வீட்டில் தமிழ் கேட்பாள், பதில் ஆங்கிலத்தில் சொல்வாள், நம் வீடுகளில் பலவற்றில் நடப்பதுதான். நான் கித்தா, காமி விளக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் விழித்தார்கள். அவள் எழுந்து ஆங்கிலத்திலேயே வகுப்புக்கு விளக்கினாள்: "எங்க அம்மா 'நாம கடைக்குப் போறோம்'னு சொன்னா நான் செருப்பு மாட்டணும். 'நாங்க போறோம்'னு சொன்னா நான் தம்பியைப் பார்த்துக்கிட்டு வீட்டில் இருக்கணும்." அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் தமிழில் சொன்னாள். அதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. தனக்குத் தமிழ் வராது என்று நினைத்திருந்த பிள்ளை, தன்னிடம் இருக்கும் தமிழ் எவ்வளவு என்பதை இந்தோனேசிய வகுப்பில் கண்டுகொண்டாள்.

நாம், நாங்கள் மட்டும் இல்லை. 'தீடா' என்றால் இல்லை, 'புக்கான்' என்றால் அல்ல. அங்கேயும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். ஆசிரியையை 'பு' என்று கூப்பிடுவார்கள். ஈபு, அம்மா, அதன் சுருக்கம். ஆசிரியர் என்றால் 'பாக்', அப்பா. மூத்தவர் காக்கா, இளையவர் ஆடிக். ஊர் பேர் தெரியாத கடைக்காரரையும் உறவு சொல்லித்தான் அழைக்க வேண்டும். சும்மா 'நீ' என்று தொடங்கினால் முகம் சுருங்கிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பதின்மூன்று வயது ஆஸ்திரேலியப் பிள்ளைக்கு இது ஒரு புது உலகம். அந்த வயதில் தாங்கள் யார், அடுத்தவர் யார் என்ற யோசனைதானே அவர்களுக்கு எந்நேரமும்? சிவப்பு, நீலம், மஞ்சளுக்குப் பதிலாக இதைக் கொடுங்கள் என்கிறேன்.

அப்புறம் 'பெலும்' என்று ஒரு சொல். இன்னும் இல்லை என்று பொருள். "இந்தோனேசியா போயிருக்கிறாயா?" என்று கேட்டால், போகாத பிள்ளை 'தீடா', இல்லை, என்று சொல்லக் கூடாது. 'பெலும்' என்று சொல்ல வேண்டும். "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கல்யாணமே ஆகாத எண்பது வயதுக்காரரைக் கேட்டாலும் 'பெலும்' என்பார். இதை இலக்கணமாகச் சொன்னால் ஒரு வரி. தேர்வுக்குப் பழக்கும்போது நான் மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மலேசியாவில் பேராக் மாநிலத்தில் பிறந்தவள். பள்ளியில் மலாய் படித்தவள். மலாய் தெரிந்தால் இந்தோனேசியம் தெரிந்த மாதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேரில் வந்தவைதான். ஆனால் மலேசியாவில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம், இந்தோனேசியாவில் வீண். மலேசியாவில் 'பூடாக்' என்றால் சின்னப் பிள்ளை, அங்கே அடிமை. அங்கே 'பீசா' என்றால் முடியும். எங்கள் ஊரில் அது விஷம். ஆகவே நான் உட்கார்ந்து திரும்பப் படித்தேன். எனக்கும் இது இரண்டாம் மொழிதான்.

சொல்லப்போனால், இந்தோனேசியர்களிலேயே கோடிக்கணக்கானவர்களுக்கு இது இரண்டாம் மொழி. வீட்டில் ஜாவா மொழி, சுண்டா மொழி, பாலி மொழி என்று எழுநூறுக்கு மேல். 1928 அக்டோபர் 28 அன்று பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இளைஞர்கள் கூடி ஒரு நாடு, ஓர் இனம், ஒரு மொழி என்று உறுதி எடுத்தார்கள். அதிகம் பேர் பேசிய ஜாவா மொழியை எடுக்கவில்லை. துறைமுகங்களில் எல்லோருக்கும் பொதுவாகப் புழங்கிய மலாயை எடுத்து அதற்கு இந்தோனேசிய மொழி என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துறைமுகங்களுக்கு நம்மவர்களும் போனார்கள். கப்பல் அங்கே 'காப்பால்', பெட்டி 'பெத்தி', கடை 'கெடாய்', வியாபாரத்துக்குப் போடும் முதல் 'மோடால்'. குளம் 'கோலாம்' ஆகி, இன்று நீச்சல் குளத்துக்கும் அதுதான் பெயர். இப்படி ஊர் ஊராகப் பழகிக் கற்ற மொழி என்பதால், தப்பும் தவறுமாகப் பேசுகிற அந்நியப் பிள்ளையை இந்தோனேசியர்கள் முகம் சுளிக்காமல் கேட்பார்கள். நான் கூட்டிப் போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்து முதலில் சொன்னது இதைத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிஷம். 2002-க்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். அந்த வருஷம் எங்கள் பத்தாம் வகுப்பு ஜாவா போவதாக இருந்தது. பணம்கூடக் கட்டிவிட்டார்கள். அக்டோபர் 12-ஆம் தேதி பாலியில் குண்டு வெடித்தது. 202 பேர் இறந்தார்கள், அதில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள். பயணம் நின்றது. அதற்குப் பின்னால் பல வருஷம் எச்சரிக்கை அறிவிப்புகள், பெற்றோருக்குப் பயம். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரு பிள்ளை அந்த மொழியை அதைப் பேசும் மனிதர்களோடு பேசிப் பார்க்காமலே பள்ளியை முடித்தது. வகுப்புகள் சுருங்கின. பல பள்ளிகள் பாடத்தையே எடுத்துவிட்டன.

எழுத்து மொழிக்கும் பேச்சு மொழிக்கும் உள்ள தூரத்தைப் பற்றித் தனியாகக் குறிப்பு எடுத்து வந்தேன். புத்தகத்தில் 'தீடா', ஜகார்த்தா தெருவில் 'ங்காக்'. தமிழ் நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டையும் கற்பிக்க வேண்டும், பேச்சைப் பத்தாம் வகுப்புக்குத் தள்ளிவைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

ஒரு நிமிஷம்தான் இருக்கிறது. அடுத்த பருவத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவம் உங்கள் வீட்டுக்கு வரும். அதில் இந்தோனேசியம் இருந்து, உங்கள் பிள்ளை அதை விட்டுவிடலாமா என்று யோசித்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை 'நாம' என்றும் 'நாங்க' என்றும் சொல்லிக் காட்டி, இதற்கு அந்த மொழியில் என்ன சொல் என்று கேளுங்கள். பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தால் கையை விரிக்கிறதா என்றும் பாருங்கள். விரித்தால் அநேகமாக என் மாணவர்தான். விளக்கு எரிகிறது. வணக்கம், தெரிமா காசி.