விலையைக் கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாண்பமை முன்னாள் நீதிபதி அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, நுகர்வோர் மன்றச் செயலாளர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, மாணவச் செல்வங்களே, பெரியோர்களே, தாய்மார்களே!

வணிகர் சங்கத் தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். நான் என்ன பேசப் போகிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பத்து நாட்களுக்கு முன்பே அழைப்பிதழைக் கையில் கொடுத்து, "ஐயா, உங்கள் தொழிலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்" என்று சொன்னேன். "பேசுங்கள், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்" என்றார். மேடையிலேயே வந்து அமர்ந்துவிட்டார். குறை சொல்லப் போகிறவனுக்கு மேடை கொடுக்கும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நீதிபதி ஐயா உடல்நலம் சரியில்லாத நிலையிலும் வந்திருக்கிறார். அவருக்கும் என் வணக்கம்.

ஆடம்பரக் கடைகளில் வாடிக்கையாளர் நடத்தப்படும் விதம் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகளைச் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். விற்பனையாளர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள், அவர்களுக்கு எந்த மாதிரிப் பயிற்சி வேண்டும், அவமானப்பட்டவர் எங்கே போய் முறையிடுவது.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்று ஒரு பழமொழி நம்மிடம் உண்டு. சிறுவயதில் என் தாயார் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே இதைச் சொல்வார். உன்னை ஒழுங்காக வைத்துக்கொள் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். ஆனால் விலை உயர்ந்த பொருள்களை விற்கும் கடையின் வாசலில் இதே பழமொழி வேறு பொருள் கொள்கிறது. அங்கே ஆடையைத்தான் பார்க்கிறார்கள். மிச்சமிருக்கும் பாதி ஆளை யாரும் பார்ப்பதில்லை.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் அக்கா செவிலியராக 34 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அந்த 34 ஆண்டுகளும் அவர் கையில் ஒரே மாதிரியான கடிகாரம்தான். பெரிய எண்கள், வெள்ளை முகப்பு, சிவப்பு வினாடி முள். நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்து, அந்தச் சிவப்பு முள்ளைப் பார்த்தபடியே நாடித்துடிப்பை எண்ணுவார். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் அந்தக் கைதான் நீளும். வார் அறுந்தால் வாரை மாற்றுவார், கண்ணாடி கீறினால் கண்ணாடியை மாற்றுவார்.

அவர் ஓய்வு பெற்றபோது, தம்பிகள் நாங்கள் மூவரும் சேர்ந்து அவருக்கு ஒரு நல்ல கடிகாரம் வாங்கித் தருவது என்று முடிவு செய்தோம். "உனக்குப் பிடித்ததை நீயே எடுத்துக்கொள் அக்கா" என்று பெயர் பெற்ற கடை ஒன்றுக்கு நான் அவரை அழைத்துப் போனேன். அவர் உடுத்தியிருந்தது துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்த பருத்தி. காலில் ரப்பர் செருப்பு. நானும் அப்படித்தான் போயிருந்தேன்.

கதவைத் திறந்த காவலர் முதலில் எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார். உள்ளே நல்ல குளிர். கண்ணாடிப் பேழைகளுக்குள் எல்லாக் கடிகாரங்களும் பத்து மணி பத்து நிமிடத்தைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டை மெல்லிய நூலில் கட்டியிருந்தது. அந்த அட்டை ஒன்றுகூட மேல்நோக்கி இல்லை. எல்லாம் குப்புறக் கிடந்தன, அல்லது வாருக்கு அடியில் செருகியிருந்தன.

அக்கா ஒரு கடிகாரத்தின் முன்னால் நின்றார். கையுறை போட்ட இளைஞர் ஒருவர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். "தம்பி, இந்தக் கடிகாரத்தில் வினாடி முள் எப்படி ஓடும்?" என்று கேட்டார். 34 ஆண்டு நாடி பார்த்தவர் கேட்க வேண்டிய கேள்வி அது. பேட்டரியில் ஓடுவதில் முள் வினாடிக்கு ஒரு முறை தாவும். சாவி கொடுத்து ஓடும் இயந்திரக் கடிகாரத்தில் அது வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். அப்படிப்பட்ட பல கடிகாரங்களில் முள் வினாடிக்கு எட்டு முறை அசைகிறது. மணிக்கு 28,800 அசைவு. இதை எடுத்துச் சொல்லியிருந்தால் என் அக்கா அரைமணி நேரம் அங்கேயே நின்று கேட்டிருப்பார்.

அந்த இளைஞர் சொன்னது, "இது மெக்கானிக்கல் மேடம். உங்களுக்குச் சாதாரணக் கடிகாரமே போதுமே."

அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. "சரி தம்பி, விலை என்ன?" என்றார்.

"கொஞ்சம் அதிகம் மேடம்."

பெரியோர்களே, இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். விலை என்ன என்று கேட்டால் எண்தான் பதில். 'அதிகம்' என்பது பதில் ஆகாது. அது தீர்ப்பு.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அதிகமா குறைவா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எண்ணைச் சொல்லுங்கள்" என்றார். இளைஞர் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. இரண்டு கைபேசிகளோடு ஒருவர் உள்ளே வந்தார். அவருக்கு நாற்காலி வந்தது, குளிர்ந்த நீர் வந்தது, எங்கள் இளைஞரும் அங்கே போய்விட்டார். நாங்கள் கண்ணாடிப் பேழையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். வந்தவர் எதுவும் வாங்காமல், யாருடனோ பேசிக்கொண்டே வெளியே போனார்.

இளைஞர் திரும்பி வந்து எங்கள் எதிரில் நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. மேலாளரைக் கூப்பிடச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் பார்வை அந்த இளைஞரின் காலில் இருந்தது. பளபளக்கும் கறுப்புக் காலணிக்குள்ளிருந்து குதிகாலை மெல்ல வெளியே எடுத்து, மற்றக் காலில் பாரத்தைப் போட்டு நின்றிருந்தார் அவர். காலுறைக்கு மேலே கணுக்கால் வீங்கியிருந்தது.

"தம்பி, காலையிலிருந்து நின்றுகொண்டேயா இருக்கிறீர்கள்?" என்று கேட்டார் அக்கா. இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. "இரவில் காலுக்கு இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுங்கள். வீக்கம் வற்றாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்."

"நீங்கள் டாக்டரா, அம்மா?" என்றார் அவர். மேடம் போய் அம்மா வந்துவிட்டது.

"இல்லை, நர்ஸ்" என்று சொல்லிவிட்டு அக்கா வாசலை நோக்கி நடந்தார். அந்தக் கடிகாரத்தின் விலை என்ன என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வேறொரு கடையில் வாங்கினோம். அங்கே அட்டைகள் நிமிர்ந்து கிடந்தன.

இது ஏழை எளியவருக்கு மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற முகமான ஓப்ரா வின்ஃப்ரே, கறுப்பினத்தவர், உலகின் பெருஞ்செல்வப் பெண்களில் ஒருவர். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரக் கடை ஒன்றில் ஒரு கைப்பையைக் காட்டச் சொன்னபோது, அது விலை அதிகம் என்று சொல்லி எடுத்துக் காட்ட மறுத்தார்கள் என்று 2013இல் அவர் சொன்னார். கடை உரிமையாளர் அது தவறான புரிதல் என்று விளக்கம் கொடுத்தார். நாட்டின் சுற்றுலா அமைப்பு மன்னிப்புக் கேட்டது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அவர் சொன்ன அந்தச் சொல்லைப் பாருங்கள். என் அக்காவிடம் சொன்ன அதே சொல்! கோடீஸ்வரிக்கும் 'அதிகம்', செவிலியருக்கும் 'அதிகம்'. ஆள் பாதி, ஆடை பாதி என்று சொன்னவர்கள் தோலின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரரின் கண் அதையும் சேர்த்துத்தான் எடை போடுகிறது.

கடைக்காரர்கள் இதைத் தெரியாமல் செய்கிறார்களா? சிலர் தெரிந்தே செய்கிறார்கள். அதில் ஆதாயமும் இருக்கிறது. மார்கன் வார்ட், டேரன் டால் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆடம்பரப் பெயர் ஒன்றின் மீது ஏற்கெனவே ஏக்கம் வைத்திருப்பவரை விற்பனையாளர் அலட்சியப்படுத்தினால், அந்தப் பொருளின் மீது அவருடைய ஆசை கூடுகிறது என்று கண்டார்கள். புறக்கணிக்கப்பட்டவர், 'நானும் உங்களில் ஒருவன்தான்' என்று காட்டப் பணத்தை எடுக்கிறார். அதைக் கண்டு மகிழும் கடைக்காரர் அதே ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும். அந்த ஆசை நிலைப்பதில்லை. நாள் போகப் போக அது குறைந்துவிடுகிறது. மோந்தாலே வாடும் அனிச்சப்பூவை நாம் அறிவோம். முகம் கோணியவுடன் வாடிய மனத்தை அழகான பையில் பொருளைப் போட்டுக் கொடுத்து நிமிர்த்திவிட முடியாது.

அந்த இளைஞரை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. விற்ற தொகைக்கு ஏற்பக் கமிஷன் கிடைக்கும் இடத்தில், வாங்காமல் போகிறவருக்காகச் செலவாகும் நேரம் அவருக்கு இழப்பு. யாரால் முடியும், யாரால் முடியாது என்று பார்த்த மாத்திரத்தில் ஊகிக்க வேண்டிய நிலையில் அவரை வைத்திருக்கிறார்கள். ஏன் ஊகிக்க வேண்டும்? விலை மறைந்திருப்பதால்தான். அட்டை நிமிர்ந்திருந்தால், முடியுமா முடியாதா என்பதை வாங்க வந்தவரே அரை வினாடியில் முடிவு செய்துவிடுவார். விற்பனையாளர் ஆளை எடை போடும் வேலையே மிஞ்சாது. வினாடி முள் எப்படி ஓடுகிறது என்று சொல்லும் வேலைதான் மிஞ்சும். அது கௌரவமான வேலை.

இந்த விலைச்சீட்டு நேற்று முளைத்ததல்ல. ஒரு காலத்தில் பாரிஸ் நகரில் கடைக்குள் நுழைந்தாலே வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை. விலையும் ஆளுக்கு ஆள் மாறும். அரிஸ்டிட் பூசிக்கோ என்ற வணிகர் 1852இல் 'போன் மார்ஷே' கடையில் பங்காளியாகச் சேர்ந்த பிறகு அதை மாற்றிக் காட்டினார். யாரும் வரலாம், சும்மா பார்த்துவிட்டும் போகலாம், எல்லாருக்கும் ஒரே விலை, அதுவும் எழுதி ஒட்டிய விலை, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். கடை படுத்துவிடவில்லை, பெருங்கடலாக வளர்ந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வானமேக்கர் இதே வழியில் போனார். ஆண்டவன் முன் எல்லாரும் சமம் என்றால் விலையின் முன்னும் எல்லாரும் சமம் என்பது அவர் கொள்கை என்று சொல்வார்கள். லண்டனில் ஹாரி கோர்டன் செல்ஃப்ரிட்ஜ் 1909இல் கடை திறந்தபோது, பூட்டிய பேழைகளுக்குள் இருந்த பொருள்களை எடுத்து வெளியே பரப்பினார், தொட்டுப் பாருங்கள் என்றார். அதற்கும் பல ஆண்டுகள் முன்பு ஒரு லண்டன் கடையில் 'சும்மா பார்க்கிறேன்' என்று சொன்னதற்காக அவரையே வெளியே போகச் சொன்னார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. பட்டவர் மறக்கவில்லை போலும்!

ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. விற்பனை விலை ஐயத்துக்கு இடமில்லாமல், எளிதில் கண்டுகொள்ளும்படி, தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது அது. தெளிவாகப் படிக்கும்படி! குப்புறக் கிடக்கும் அட்டையை யார் படிப்பது?

விலையை எழுதினால் பொருளின் அழகு கெடும் என்கிறார்கள். அதே நிறுவனங்களில் பலவும் தங்கள் இணையதளத்தில் அதே பைக்குக் கீழே, அதே கடிகாரத்துக்குக் கீழே விலையைப் போடுகின்றனவே, அங்கே கெடாத அழகு கடையில் மட்டும் எப்படிக் கெடும்? கைபேசித் திரை யாரையும் மேலும் கீழும் பார்ப்பதில்லை. அதன் முன்னால் ஆள் முழுதாக உட்கார்ந்திருக்கிறார், ஆடை எதுவாக இருந்தாலும். அந்த மரியாதை கடைக்குள் கால் வைத்தவுடன் பறிபோக வேண்டுமா?

பயிற்சி பற்றிப் பேராசிரியர் விரிவாகவே சொல்லிவிட்டார். முறையீட்டு வழிகளைச் செயலாளர் அம்மையார் அடுத்துப் பேசும்போது தொடுவார் என்று நம்புகிறேன். நேரம் முடிந்தது என்று சீட்டு வந்திருக்கிறது, ஆகவே என் கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காட்சிக்கு வைத்த ஒவ்வொரு பொருளுக்கும் விலை இருக்க வேண்டும். சொல்லில் அல்ல, எண்ணில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் யாரையும் கேட்காமல் படிக்கும் அளவில். வாசலின் காட்சிப் பேழைக்கும் இது பொருந்த வேண்டும். 'விலைக்கு அணுகவும்' என்ற வாசகம் அடியோடு போக வேண்டும். வணிகர் சங்கத் தலைவர் ஐயா, உங்கள் அடுத்த செயற்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்க வேண்டும் என்று இந்த அவையின் முன்னால் உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சட்டம் வந்து கட்டாயப்படுத்துவதற்கு முன் நீங்களாகச் செய்தால், அந்தப் பெருமை உங்களுடையது.

கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் வெளுத்த பருத்தி உடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் கையெழுத்து அவருடையது. பேனாவை அவரிடமே வாங்கிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.