ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு மக்களே!

வணக்கம் மக்களே! கேமரா ஆடுதுல்ல? சந்தோஷத்துல கை நிக்கல. இன்னிக்குக் காலையில குதிகால், இடுப்பு, முதுகு எல்லாம் சுவரோட ஒட்டி நின்னேன். பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவுல அம்மா ஸ்கேலை விட்டுப் பார்த்தாங்க. போன மாசம் 4.5 சென்டிமீட்டர். இப்போ 3.5! நம்பாம மூணு தடவை அளக்கச் சொன்னேன். "ஸ்கேலுக்கு நான் லஞ்சமா குடுத்தேன்?"னு திட்டிட்டு அடுப்புல தோசையைப் பார்க்கப் போயிட்டாங்க.

புதுசா வந்தவங்களுக்கு, எனக்கு இருக்கிறது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். தேய்மானம் இல்லைங்க, தயவுசெஞ்சு "ரெஸ்ட் எடு சிஸ்டர்"னு கமெண்ட் போடாதீங்க! படுத்தாதான் இது ஏறும். ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி விட்டுடும். காலையில ஒரு மணி நேரம் மரக்கட்டை. நடந்து, அசைஞ்சாதான் இளகும். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டுல வீக்கம் ஆரம்பிச்சு, அப்படியே விட்டா எலும்போட எலும்பு ஒட்டிக்கும். முதுகு முன்னாடி கூனிடும், அதான் பின்மண்டை சுவரைத் தொடாம இடைவெளி விழுது.

நான் பண்றது பெருசா ஒண்ணுமில்ல. பூனை மாதிரி முதுகைத் தூக்கி இறக்குற மார்ஜாரி ஆசனம், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குற புஜங்காசனம் (தாழ்வாத்தான்), மகராசனத்துல 15 நிமிஷம் குப்புறப் படுக்கிறது. விலா நல்லா விரியிற மாதிரி மூச்சு இழுக்கிறதும் உண்டு, ஏன்னா விலாவும் இறுகும்.

அப்புறம் போல்ஸ்டர். 1,850 ரூபாயாம்! பஞ்சு அடைச்ச உருளைத் தலகாணிக்கு! அந்தக் காசுக்கு ஒரு மெத்தையே தைக்கலாம். வீட்டு பவானி ஜமுக்காளத்தை இறுக்கமா சுருட்டி, பழைய துப்பட்டாவால ரெண்டு பக்கமும் கட்டினேன். முதுகுக்கு அடியில வச்சு மல்லாந்து படுத்தா நெஞ்சு திறக்குது பாருங்க, ஆஹா! இருங்க, ஒண்ணு விட்டுட்டேன். எடுத்ததும் ஜமுக்காளம் வேண்டாம், முதல் ரெண்டு வாரம் மடிச்ச துண்டுதான்.

முன்னாடி போன யோகா கிளாஸ் கதை தெரியும்ல? "சிரசாசனம் பண்ணு, மாத்திரையை நிறுத்து"ன்னார் மாஸ்டர். இறுகின கழுத்து மேல மொத்த உடம்பையும் ஏத்தச் சொல்றார்! பாயைச் சுருட்டிட்டு வந்துட்டேன், கட்டின 2,000 ரூபாயும் போச்சு. மாத்திரை, ஊசி எல்லாம் ரூமட்டாலஜி டாக்டர், அதான் மூட்டு வாத டாக்டர், சொன்னபடியேதான் ஓடுது, யோகா அதுக்கு மேல. கண்ணு சிவந்து வலிச்சு, வெளிச்சம் கூசுச்சுன்னா மெட்ராஸ் ஐன்னு சும்மா இருக்காதீங்க, இந்த நோய்ல கண்ணுக்கு உள்ளேயும் வீக்கம் வரும். அன்னிக்கே கண் டாக்டர்.

ஆங், எல்லாத்துக்கும் முன்னாடி வெந்நீர்ல குளிச்சுடுவேன், அப்போதான் உடம்பு வளையும். இன்னிக்கும் குளிச்சிட்டுத்தான் அளந்தேன். போன மாசம்... போன மாசம் எழுந்ததும் அளந்தேனே! அய்யோ, அப்போ இது கணக்குல வராதா? சரி, நாளைக்குக் குளிக்காம அளந்துட்டு கமெண்ட்ல பின் பண்றேன். அம்மா, ஸ்கேல் எங்கே?