அவரவர் முழங்கால்

வணக்கம், அன்பான நேயர்களே.

வயல் வரம்பில் தூரத்தே ஒருவர் வரும்போது முகம் தெரியாது. ஆனாலும் நடையை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவோம், இல்லையா? ஒருவருக்குக் கால் வில்லாய் வளைந்திருக்கும், இன்னொருவருக்கு முழங்கால்கள் உரசும். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும் எனக்கு அந்த வரம்புதான் நினைவுக்கு வரும்.

நான் இயன்மருத்துவர். கிளிநொச்சிப் பக்கத்து அம்மா ஒருவர், வயலில் களை பிடுங்கியே காலம் கழித்தவர், சத்திரசிகிச்சைக்குப் பிறகு பயிற்சிக்கு வந்தார். இளவயதிலேயே வில்கால். இப்போது கம்பு மாதிரி நேர். எக்ஸ்றேயும் வடிவாகவே இருந்தது. கட்டில் விளிம்பில் இருந்து காலை நீட்டி, முழங்காலின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டு, "நேராய்த்தான் இருக்குது தம்பி, ஆனா இது என்ர கால் இல்லை, இதிலை இழுக்குது" என்றார். நான் வேறு எதையோ விளக்கப் போக, மறுபடியும் அதையே சொன்னார்: என்ர கால் இல்லை.

முழங்காலை மாற்றும்போது இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றின் நடுவும் ஒரே கோட்டில் வரவேண்டும் என்பது 1970களிலிருந்து வரும் விதி. எத்தனையோ பேரை நடக்க வைத்த விதி, குறை சொல்லவில்லை. ஆனால் உடம்பு அப்படி அமைவதில்லை. பெல்ஜியத்தில் முழங்கால் நோவில்லாத இளம் வயதினர் 250 பேரைப் படமெடுத்துப் பார்த்து 2012இல் எழுதினார்கள்: ஆண்களில் நூற்றுக்கு 32 பேருக்கும் பெண்களில் 17 பேருக்கும் 3 பாகையோ அதற்கு மேலோ வில்வளைவு இயல்பாகவே இருந்தது. அது நோயில்லை.

பழைய வீட்டு நிலை சற்றுச் சரிந்திருந்தால் நல்ல தச்சர் கதவை அந்த நிலைக்கேற்பத்தான் சீவுவார். மட்டம் பிடித்துச் செய்த கதவு அதில் இறுகும். முழங்காலிலும் அப்படித்தான். எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்கள் அந்த வளைவோடேயே வளர்ந்தவை. எலும்பை நேராக்கினால் உட்பக்க நார் இறுகும், அதைத் தளர்த்தவேண்டி வரும். அந்த அம்மா தடவிய இடம் அதுதான்.

அதனால் தேய்வதற்கு முன் இருந்த சரிவையே திரும்ப வைப்போம் என்று கலிபோர்னியாவில் ஸ்டீபன் ஹவல் போன்ற சத்திரசிகிச்சை நிபுணர்கள் தொடங்கினார்கள். எது நல்லது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பிறவி வளைவு வேறு, தேய்மானம் கூட்டிய வளைவு வேறு. எல்லா வளைவையும் அப்படியே விடவும் முடியாது.

சரி, நேரம் நெருங்குகிறது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல வந்தது மிச்சம். ஒன்று மட்டும்: சத்திரசிகிச்சைக்கு முன் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, நின்றபடி எடுக்கும் முழுக்கால் எக்ஸ்றே தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இளவயதில் உங்கள் கால் எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள். வணக்கம்.