உழக்கு யார் கையில்?

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

உடலுக்கு உகந்த காலைச் சிற்றுண்டியைத் தருவது வீட்டு அடுப்பா, கடை மாவுப் பொட்டலமா என்னும் வழக்கில் வீட்டு அடுப்பின் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வீசிவிட்டு அமர்ந்தார். இட்லி எங்கே வெந்தாலும் வெள்ளை அரிசிதானே என்றார். வேலைக்கு ஓடும் வீட்டில் நேரம் ஏது என்றார். மாவரைக்கும் சுமையை மறுபடியும் பெண்ணின் தலையில் ஏற்றப் போகிறீர்களா என்றார். மூன்றாவது கேள்விக்கு அரங்கம் அதிரக் கை தட்டினீர்கள். உண்மையைச் சொன்னால் நானும் தட்டினேன். ஆகவே அதற்குக் கடைசியில் நிதானமாக வருகிறேன்.

முதலில் அரிசி. நம் வீடுகளில் நான்கு உழக்கு இட்லி அரிசிக்கு ஓர் உழக்கு உளுந்து, ஒரு சிட்டிகை வெந்தயம் என்பது பழகிய கணக்கு. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அது உளுந்தில் மிகுதி. உளுந்தில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்வதால்தான் இட்லி வெறும் மாவுச்சத்தாக நின்றுவிடாமல் உணவாகிறது. 100 கிராம் உளுந்தில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். உளுந்தைக் குறைத்தால் புரதம் குறையும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உளுந்தின் விலையோ அரிசியின் விலையைக் காட்டிலும் மிக அதிகம். விலை கூடிய பொருளைக் குறைத்துவிட்டு, எழும்பாத மாவை ஆப்பசோடாவால் எழுப்பிவிடும் வழி வணிகத்திற்குத் திறந்தே கிடக்கிறது. எல்லாக் கடைக்காரரும் அவ்வழியில் போகிறார்கள் என்று நான் பழி சுமத்தவில்லை. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பது நாலுக்கு ஒன்றா, எட்டுக்கு ஒன்றா என்று தங்களில் யாராலும் சொல்ல முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆப்பசோடா மாவை உப்பச் செய்யும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. உளுந்தோடு வந்து சேரும் லியூகோநாஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் இரவெல்லாம் மாவைப் புளிக்கவைக்கும்போது, தானியத்தில் உள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் உடலுக்குச் சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. பொட்டல மாவு பொங்கினால் உறை உப்பி விற்பனை கெடும் என்பதால், கடையில் அதைக் குளிரில் வைத்துப் புளிப்பை அடக்குகிறார்கள். நம் வீட்டுப் பாத்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. பொங்கி வழிந்தால் துடைத்துவிட்டுப் போகலாம்.

அப்படியானாலும் வெள்ளை அரிசி வெள்ளை அரிசிதானே என்றால், ஆம். சர்க்கரை நோய் உள்ளவர் ஆறு இட்லி உண்பதற்கு வீட்டில் அரைத்த மாவு சாக்கு ஆகாது. ஆனால் அரிசியில் பாதியை எடுத்துவிட்டுச் சாமையையோ வரகையோ போட எனக்கு எவருடைய அனுமதியும் வேண்டாம். தோல் நீக்காத கறுப்பு உளுந்தையே போட்டு அரைக்கலாம். துவரையும் கடலையும் சேர்த்து ஊறவைத்தால், புளிப்புக்குக் காத்திராமல் அன்றைக்கே முருங்கைக்கீரை அடை வார்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடைப் பசும்பாலில் இருப்பதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். இவையெல்லாம் இப்போது பொட்டலத்திலும் வருகின்றனவே என்று எதிரணி கேட்கலாம். வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிற்கும் சிறுதானியம் பின்பக்கத்தில் எத்தனையாவதாக நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நேரத்தைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியதில்லை. எதிரணியே எனக்காகப் பேசிவிட்டது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைக் காட்டி, பிள்ளைகள் வெளியில் உண்டு நலமாக இல்லையா என்றார்கள். அங்கே பொட்டலமா பிரிக்கிறார்கள்? உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் என்று அன்றன்று காலையில் பெண்கள் கிளறி இறக்குகிறார்கள். ஒரு பள்ளிக்கே மணி அடிக்குமுன் ஆக்கிப் போட முடியுமென்றால், நான்கு பேருக்கு ரவையை வறுக்க நேரமில்லை என்பது எப்படிப் பொருந்தும்?

இனிப் பெண்ணின் சுமை. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து ஒரு கையால் குழவியைச் சுழற்றி மறு கையால் மாவைத் தள்ளிய என் பாட்டிக்கு, முதுமையில் வலத்தோளைத் தூக்க முடியாமல் போயிற்று. அந்தக் காலத்தை நான் திரும்ப அழைக்கவில்லை. குழவியின் வேலையைக் கிரைண்டர் ஏற்றுக்கொண்டுவிட்டது. கோயம்புத்தூர் அதைச் செய்து செய்து புவிசார் குறியீடே பெற்றுவிட்டது. மீதமிருப்பது கழுவுவது, ஊறவைப்பது, வழிப்பது, கல்லை அலம்புவது. இதைச் செய்ய ஆண் கை ஆகாது என்பது எங்கே எழுதியிருக்கிறது? உணவு விடுதிகளின் பின்கட்டில் போய்ப் பாருங்கள், மாவரைப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. கூலிக்கு அரைத்தால் தொழில், தன் பிள்ளைகளுக்கு அரைத்தால் இழுக்கு என்று யார் வகுத்தது? என் வீட்டில் சனிக்கிழமை மாலை மாவு என் பொறுப்பு. முதல் வாரம் உப்பைப் போட மறந்தேன். இரண்டாம் வாரம் நீரைக் கூட்டிவிட்டு, இட்லிக்கென்று அரைத்ததைத் தோசைக்கென்று மாற்றிச் சொன்னேன். மூன்றாம் வாரத்திலிருந்து ஒருவரும் குறை சொல்லவில்லை. சுமையைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசிய எதிரணித் தலைவரிடம், நடுவர் அவர்களின் அனுமதியோடு ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன்: ஐயா, தங்கள் வீட்டில் உளுந்து டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது?

நன்றி, வணக்கம்.