பூனை கொட்டாவி விடும்போது

வணக்கம்.

மாடு வாங்கப் போகிறவர் முதலில் அதன் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பூனைக்கு அந்த மரியாதையை யாரும் செய்வதில்லை. நான் கால்நடை மருத்துவர். என்னிடம் பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வாந்தி, உண்ணி, முடி கொட்டுவது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டையும் வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது கதவருகே நின்று கேட்பார்கள்: "அப்புறம் டாக்டர், வாய் கொஞ்சம் நாறுது. பூனைன்னா அப்படித்தானே?"

அப்படி இல்லை. சாப்பிட்டு முடித்த பூனையின் வாயில் சாப்பிட்டதன் வாடை அடிக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். எந்நேரமும் நாற்றம் நிற்கிறது, அது கொட்டாவி விட்டால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம் என்றால் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது ஈறு.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறதா என்றால், அதில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. என் வீட்டில் சாம்பல் என்று ஒரு பெண் பூனை. பகலெல்லாம் ஊரார் பூனைகளின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இதன் வாயைத் திறக்க எனக்கு அலுப்பு. ராத்திரி என் தலையணையில் படுத்து மூச்சு விடும். நாற்றம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தீனியை மாற்றிப் பார்த்தேன். மற்றவர்கள் செய்தால் நான் கடிந்துகொள்கிற அதே காரியம். ஒரு நாள் அது கிண்ணத்தின் முன் நின்று, ஒரு வாய் எடுத்து, உடனே கிண்ணத்தைப் பார்த்துச் சீறிவிட்டு ஓடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடித்த இடத்தில் சுருக்கென்று வலித்திருக்கிறது. பாவம், கடித்தது கிண்ணம் என்று நினைத்துக்கொண்டது.

பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. வேட்டையாடவும் செய்யும், பெரிய விலங்குக்கு இரையாகவும் ஆகும் என்கிற பிறவி அது. பலவீனத்தை வெளியே தெரியவிட்டால் பிழைக்க முடியாது. அதனால் பல்வலி உள்ள பூனை அழாது, முழுப் பட்டினி கிடப்பதும் குறைவு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லும். உலர்தீனியை வாயிலிருந்து கீழே போட்டுவிட்டு, குழைவான உணவை மட்டும் நக்கும். எச்சில் ஒழுகும். முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், முடி சடை பிடிக்கும். இதையெல்லாம் "வயசாயிடுச்சு" என்று நாம் கணக்கில் எழுதிவிடுகிறோம். நாற்றத்தை மட்டும் அதனால் ஒளித்துவைக்க முடியாது.

சரி, அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? குட்டியாக இருக்கும்போது 26 பால்பற்கள். ஏழு மாதம் ஆவதற்குள் அவை விழுந்து, நிரந்தரமாக 30 பற்கள் வந்துவிடும். அந்தப் பற்களின் மேல் கிருமிகள் சேர்ந்து பிசுபிசுப்பான ஒரு படலமாகப் படியும். துடைத்தால் போகும், மறுநாளே மறுபடி வரும். துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் இறங்கி, சில நாட்களிலேயே அது கல்லாகிவிடும். அதுதான் காரை. மேல் கடைவாய்ப் பல்லில் காரை அதிகம் பிடிப்பதற்கும் காரணம் உண்டு: கன்னத்து எச்சில் சுரப்பியின் குழாய் அந்தப் பல்லுக்குப் பக்கத்தில்தான் திறக்கிறது.

கண்ணுக்குத் தெரிகிற காரையைவிட, தெரியாததுதான் ஆபத்து. ஈறுக்கு அடியில் காற்றுப் புகாத இடுக்கில் கிருமிகள் குடியேறும். அங்கே ஏற்படும் அழற்சியில் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். அந்தக் கிருமிகள் புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளியேறும். அழுகிய முட்டை வாடை அதனால்தான். தண்ணீரில் வாசனைத் திரவத்தைக் கலந்து கொடுத்து இதை மறைப்பது, சாக்கடை அடைப்பை எடுக்காமல் ஊதுவத்தி கொளுத்துவது போல.

நமக்கு வருகிற சொத்தைப் பல் பூனைக்கு வருவது மிக அரிது. அதற்குப் பதிலாக வேறொன்று வரும். உடம்பின் சொந்தச் செல்களே பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரைத்துவிடும். ஏன் தொடங்குகிறது என்பது மருத்துவ உலகுக்கே இன்னும் பிடிபடவில்லை. வெளியே பார்த்தால் ஈறு ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, அல்லது ஈறு பல்லின் மேல் ஏறி வளர்ந்தது போல இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் வேர் பாதி காணாமல் போயிருக்கும். அடைத்துச் சரிசெய்ய முடியாது, எடுத்துவிட வேண்டியதுதான். நடுத்தர வயது தாண்டிய பூனைகளில் இது சர்வ சாதாரணம். சாம்பலுக்கும் இதுதான், கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும்.

சில பூனைகளுக்கு வாய் முழுக்க, தொண்டை ஓரம் வரைக்கும் ரணமாகிவிடும். பல்லில் படியும் கிருமிகளை எதிர்த்து உடம்பு அளவுமீறிப் போராடுவதன் விளைவு அது. கடைவாய்ப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் அவற்றில் பல பூனைகள் நிம்மதியாகச் சாப்பிடும்.

வாய் நாற்றம் எல்லாமே பல்லால் வருவதும் இல்லை. மூச்சில் மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். நகப்பூச்சை அழிக்கும் திரவம் போல ஒரு இனிப்பு வாடை வந்து, பூனையும் சோர்ந்து கிடந்தால், முற்றிய சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். வயதான பூனைக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் வீங்கி ரத்தம் கசிந்தால் அதையும் தள்ளிப் போடாதீர்கள்.

பல் துலக்குவதற்கு வருகிறேன். இதைச் சொன்னவுடன் சிரிக்கிறவர்கள்தான் அதிகம், ஆனால் இதற்கு ஈடான வேறு வழி இல்லை. ஒரு நிபந்தனை: ஏற்கெனவே ஈறு சிவந்திருந்தால் தொடங்காதீர்கள். புண்ணில் பிரஷ் பட்டால் வலிக்கும், அப்புறம் அந்தப் பூனை ஜென்மத்துக்கும் வாயைக் காட்டாது. முதலில் மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

முதல் சில நாட்கள் கன்னத்தைத் தடவுவது மட்டும்தான் வேலை. அப்புறம் பூனைக்கான பற்பசையை விரல் நுனியில் வைத்து நக்கவிடுங்கள். கோழி, மீன் சுவைகளில் அது கிடைக்கும். நக்கப் பழகியதும் உதட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கி, அதே விரலால் பல்லின் மேல் ஒரு இழுப்பு. அதுவும் பழகிய பிறகு, குழந்தைகளுக்கானது போன்ற சின்ன, மெல்லிய பிரஷ். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்துத் தேய்க்க வேண்டும். வாயைப் பிளக்க வேண்டியதே இல்லை. கன்னத்தை ஒட்டிய வெளிப்பக்கம் போதும். உட்பக்கத்தை அதன் சொரசொரப்பான நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். மேல் கடைவாயிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அரை நிமிடத்துக்கு மேல் பூனை உங்களுக்கு நேரம் தராது. பூனையை மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்கிப் பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு அந்தப் பூனை கட்டிலுக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தும்.

நாம் பயன்படுத்தும் பற்பசை வேண்டாம். பூனைக்குக் கொப்பளித்துத் துப்பத் தெரியாது. நுரையும் ஃபுளோரைடும் வயிற்றுக்குள்தான் போகும். பல்வலிக்கு நாம் வைத்துக்கொள்ளும் கிராம்புத் தைலமும் வேண்டாம். பூனையின் கல்லீரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் திறன் குறைவு. அதைவிட முக்கியம், வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இதை மட்டும் உறவினர், நண்பர் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

உலர்தீனி தின்றால் பல் சுத்தமாகும் என்கிற நம்பிக்கை பலருக்கு உண்டு. சாதாரண உலர்தீனி பல் பட்டவுடன் உடைந்து உள்ளே போய்விடும், பல்லைத் தேய்க்க அதற்கு நேரமே இல்லை. பல்லுக்கென்று தயாரிக்கும் தீனி வேறு. பெரிதாக, நார்ச்சத்துடன், பல் உள்ளே இறங்கும் வரை உடையாமல் இருக்கும். அது உதவும், பிரஷ் அளவுக்கு அல்ல.

காரையை எடுக்கவும் பல்லைப் பிடுங்கவும் பூனைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றதும் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். அதனால் விழித்திருக்கும் பூனையின் காரையைச் சுரண்டிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஆசையாக இருக்கும். ஆனால் ஈறுக்கு அடியில் எந்தப் பூனையும் விழித்துக்கொண்டு கருவியை விடவிடாது. மேலே வெள்ளையாகும், அடியில் நோய் அப்படியே இருக்கும். மயக்கம் கொடுத்தால்தான் எக்ஸ்ரே எடுக்கலாம், ஒவ்வொரு பல்லாக ஆழம் பார்க்கலாம், மூச்சுக்குழாயில் குழாய் வைத்திருப்பதால் அழுக்கு நீர் நுரையீரலுக்குள் போகாது. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்வதுதான் முறை.

பல்லை எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடும் என்பது அடுத்த கவலை. நாம்தான் பல் போனால் சொல் போச்சு என்போம். பூனைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வீட்டில் அது எலியைக் கிழித்தா தின்கிறது? வலிக்கிற பல்லைவிட இல்லாத பல் மேல். சாம்பலுக்கு இரண்டு பல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்கு நாள் குழைவான உணவு கொடுத்தேன். ஐந்தாம் நாள் சமையலறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அலமாரியில் வைத்திருந்த உலர்தீனிப் பையைக் கீழே தள்ளி, பக்கவாட்டில் கிழித்து, தலையை உள்ளே விட்டுத் தின்றுகொண்டிருந்தது.